தொட்டிக்குள் ஒரு மூக்கு

அத்தியாயம் 6

சாவியைத் தொலைப்பது எளிது. பேனாவைத் தொலைப்பது அதைவிட எளிது. நான் வருடத்துக்கு நான்கு குடைகளைத் தொலைக்கிறேன், அதற்காகப் பெரிதாக முயற்சி எதுவும் செய்வதில்லை. ஆனால் ஆள் உயரமும் நான்கு விரல் கனமும் ஒரு டன்னுக்கு மேல் எடையும் கொண்ட வெண்கலத் தகட்டைத் தொலைக்க வேண்டுமென்றால், அதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் தொழிற்சாலையிடம் அது இருந்தது.

வாசலில், 'ஓர் இழை பிசகாது' என்று பலகை வைத்திருந்தார்கள். பலகை கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"தம்பி, குடையை உள்ள கொண்டுவராதே. சொட்டும்" என்றார் அண்ணி.

வாசல் தோட்டத்தில் மஞ்சள் துணி போர்த்திய ஏதோ ஒன்று பீடத்தின் மேல் நின்றது. துணிக்கு அடியிலிருந்து நெஞ்சு உயரத்தில் கொக்கிபோல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. குடை மாட்டுவதற்கென்றே செய்து வைத்தாற்போல் இருந்ததால் மாட்டினேன்.

அண்ணி என்பது என் அண்ணன் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் சர்வேயராக இருந்து, எரியாத கிடங்குகளுக்கும் மூழ்காத படகுகளுக்கும் நஷ்ட ஈடு கேட்டவர்களையெல்லாம் அழவைத்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாளர். அதாவது கார் ஓட்டுவேன், பை தூக்குவேன், கேட்காத யோசனைகளைச் சொல்வேன்.

காவலாளியின் அறையில் ஒரு பெண் மடியில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அக்கா, துப்பறியறவங்க நீங்கதானே? அவரைத் திருடன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு நாளா உள்ள உக்கார வெச்சிருக்காங்க. சாப்பாடு குடுக்கக்கூட விடமாட்டேங்கறாங்க. ஞாயித்துக்கிழமை பூரா அவரு வீட்லதான் தூங்கினாரு அக்கா!"

"தூங்கினதுக்கு யாராவது சாட்சி உண்டாம்மா?"

"பக்கத்து வீட்டுக்காரங்க அத்தனை பேரும். அந்தக் குறட்டைக்கு அவங்க போலீஸ்ல புகார் குடுக்காததே பெரிசு."

அண்ணி சிரிக்கவில்லை. கேரியரை வாங்கி என் கையில் கொடுத்தார். "உள்ள கொண்டு போய்க் குடுக்கறோம். நீ உக்காரு."

*

நிர்வாக இயக்குநரின் அறையில் ஏழு புகைப்படங்கள் தொங்கின. ஏழும் அவருடையவை, ஏழிலும் அவர் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கத்தில் பார்க்கும்படி எதுவும் அமையவில்லை போலும். மேஜையில் இருந்த டீக் கோப்பையில் '1' என்று பொறித்திருந்தது. சாவி வளையத்தில் '1'. ஜன்னல் வழியே தெரிந்த கார் நிறுத்தத்தின் எண் '1'. அந்த நிறுத்தத்தில் மொத்தம் இரண்டு கார்கள்தான் நிற்க முடியும்.

"நான் ஏன் உங்களைக் கூப்பிட்டேன்?" என்று எம்.டி. கேட்டார். கேள்வியைக் கேட்டு அவரே பதில் சொல்லும் ரகம். "ஏன்னா இன்ஷூரன்ஸ்காரன் வெளியாளோட ரிப்போர்ட் கேக்கறான். இன்னிக்கு நாலு மணிக்கு என்ன? எங்க வெள்ளி விழா. சீஃப் கெஸ்ட் யாரு? கப்பல் கம்பெனியோட தலைமை இன்ஜினியர். காணாமப் போனது யாரோட தகடு? அவங்களோடது. அவர் கார்லேர்ந்து இறங்கும்போது நான் அவர் கையில ஒரு பூங்கொத்தும் ஒரு திருடனும் குடுக்கணும்."

"திருடன் கிடைச்சாச்சா?"

"ரெடியா இருக்கான். போலீஸும் நாலு மணிக்கு வருது. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. இல்லையா?"

கடைசிக் கேள்வி எங்களுக்கல்ல. பக்கத்தில் நின்ற ஜெனரல் மேனேஜருக்கு.

"ஆமாம் சார்" என்றார் ஜெனரல் மேனேஜர். தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே 'ஆமாம் சார்' என்று பிறகு தெரிந்துகொண்டோம். இருபத்தைந்து வருட சேவையில் அவர் வேறு எதுவும் பேசியதாக யாருக்கும் நினைவில்லை.

விஷயம் இதுதான். அந்தத் தகட்டில் கப்பலின் சுழலித் தண்டுக்கு மூன்று வளையங்கள் வெட்ட வேண்டும். சனிக்கிழமை மாலை ஆபரேட்டர் அதை மெஷின் மேல் ஏற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை தகடு இல்லை. வெட்டும் கூடத்துக்குச் சாவிகள் மூன்று. எம்.டி.யிடம் ஒன்று, ஆமாம் சாரிடம் ஒன்று, ஆபரேட்டரிடம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடியிருக்கிறது, அதுவும் ஆபரேட்டரின் ரகசிய எண்ணைப் போட்டு.

"துண்டு துண்டா நறுக்கி எடைக்குப் போட்டுட்டான்" என்றார் எம்.டி. "ரிப்போர்ட்ல ஒரு பேர் போதும். மூணரைக்குள்ள குடுத்துடுங்க. எனக்கு விழாவுக்கு முகம் கழுவணும்."

*

வெட்டும் கூடத்தில் ஒரு பெரிய இரும்புத் தொட்டி. அதில் தண்ணீர், தண்ணீருக்குக் கொஞ்சம் அடியில் தகடு படுக்க வரிசையாக இரும்புப் பட்டைகள். மேலே குறுக்கே ஒரு பாலம், பாலத்திலிருந்து தொங்கும் விரல் பருமன் குழாய். தொட்டியைச் சுற்றி இளஞ்சிவப்பு மணல் மூட்டைகள். அதில் ஒன்றின் மேல் ஒருவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக மெஷின் ஓடவில்லை என்றாலும் சட்டை ஈரமாகத்தான் இருந்தது. அவரை எல்லோரும் ஈரச்சட்டை என்று கூப்பிட்டார்கள்.

"நீங்கதான் ஆபரேட்டரா?"

"நாலு மணி வரைக்கும், மேடம்."

கேரியரைக் கொடுத்தேன். திறக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"உங்க ரகசிய எண் வேற யாருக்குத் தெரியும்?"

ஈரச்சட்டை மெஷினின் திரையைக் காட்டினார். திரையின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஆறு இலக்கங்கள் பெரிதாக எழுதியிருந்தன. கீழே இரண்டு கோடு வேறு.

"ரகசிய எண்ணை மறந்துட்டா வேலை நின்னுடும்னு எம்.டி.தான் எழுதச் சொன்னாரு."

"நல்ல ஏற்பாடு" என்றேன். "எங்க வீட்டு பீரோ சாவியும் பீரோவுலயேதான் தொங்கும்."

அண்ணி தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "இது எப்படி வெட்டுது?"

"தண்ணி, மேடம்."

"தண்ணியா?" என்றேன். "எங்க வீட்டுக் குழாய்த் தண்ணியில கையில இருக்கற சோப்புக்கூடப் போகல."

"உங்க வீட்டுத் தண்ணியை ஊசிமுனை ஓட்டை வழியா, காத்தழுத்தத்தைப்போல நாலாயிரம் மடங்கு அழுத்தி அனுப்பிப் பாருங்க, சோப்பும் போகும், கையும் போகும்." முதல்முறையாக அவர் குரலில் உயிர் வந்தது. "ஆனா நெசமா வெட்டறது தண்ணி இல்ல சார். இந்த மணல். கார்னெட்டு. தண்ணி அதைத் தூக்கிட்டுப் பாயும், மணல் உலோகத்தை அரிச்சுக்கிட்டே போகும். தீப்பொறி கிடையாது, சூடு கிடையாது. அதான் கனமான தகடுகூட வளையாது. என்ன ஒண்ணு, அவசரம் ஆகாது."

"ஏன்?"

"தண்ணி கத்தி மாதிரி விறைப்பா நிக்காது மேடம். மேல் பக்கத்தை வெட்டிட்டு அடிக்குப் போறதுக்குள்ள கொஞ்சம் பின்தங்கும். நீங்க வேகமா இழுத்தீங்கன்னா வால் மாதிரி பின்னால வளையும். மேல நேர்க்கோடு, கீழ கரடுமுரடு. மூலை வந்தா மேல திரும்பிடும், அடியில திரும்பறதுக்குள்ள மூலையையே கடிச்சுத் துப்பிடும். அதுக்குத்தான் அஞ்சு வேகம் வெச்சிருக்கு." திரையில் ஒன்றிலிருந்து ஐந்துவரை கட்டங்கள். "ஒண்ணு, சும்மா ரெண்டா உடைச்சா போதும்னு இருக்கறதுக்கு. அஞ்சு, கண்ணாடி மாதிரி வரணும்னா. அஞ்சுல போட்டா ஒண்ணைவிட அஞ்சு மடங்கு நேரமாகும். கப்பல் வளையத்துக்கெல்லாம் அஞ்சுதான்."

திரையின் மேல் 'தொடாதே' என்று எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. எம்.டி.யின் கையெழுத்து. அண்ணி அதைக் கிழித்தார்.

"கடைசியா ஓடின வேலையைக் காட்டுங்க."

ஈரச்சட்டை தயங்கித் தயங்கிப் பொத்தானை அமுக்கினார். வரைபடம் அழிக்கப்பட்டிருந்தது. ஆனால் ஓடிய விவரம் நின்றது. கனம், எண்பது மில்லிமீட்டர். ஓடிய நேரம், ஒரு மணி ஐம்பது நிமிடம். தரம், 1.

ஈரச்சட்டை திரையை விட்டு இரண்டடி பின்வாங்கினார். வீட்டுக் கூடத்தில் யாரோ அசிங்கம் செய்து வைத்ததைப் பார்த்தவர்போல் இருந்தது முகம்.

"ஒண்ணா? எண்பது மில்லி வெண்கலத்தை எவன்யா ஒண்ணுல வெட்டினான்?"

"ஒண்ணுல போனா நிமிஷத்துக்கு எவ்வளவு தூரம் வெட்டும்?" என்றார் அண்ணி.

"மூணு சென்டிமீட்டர் வெட்டும்."

"ஒரு டன் தகட்டை, ஒரு ஆள் தூக்கிட்டுப் போற அளவுக்குத் துண்டு போடணும்னா?"

அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "அம்பது துண்டு ஆகும். ஒண்ணுல வெட்டினாலும் ஒம்பது மணி நேரம் வேணும் மேடம்."

"ஓடினது ரெண்டு மணி நேரம்கூட இல்ல. அப்போ துண்டு போடல. மூணேகால் மீட்டருக்கு ஒரே ஒரு கோடு போட்டிருக்காங்க." அண்ணி என்னைப் பார்த்தார். "என்ன கோடு அது?"

"அதை வெட்டினவன் எடுத்துட்டுப் போயிட்டானே, அண்ணி."

"மேல இருந்ததைத்தான் எடுத்துட்டுப் போனான்." அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "தகட்டை வெட்டின தண்ணி அதுக்கப்புறம் எங்க போகும்?"

"கீழ, தொட்டிக்குள்ள" என்றார் ஈரச்சட்டை. "போற வழியில பட்டையையும் கொஞ்சம் கடிக்கும். அதனாலதான் பட்டை சீக்கிரம் பல்லு பல்லா ஆயிடும், மாத்திக்கிட்டே இருப்போம்."

"கடைசியா எப்போ மாத்தினீங்க?"

"சனிக்கிழமை. கப்பல் வேலையாச்சேன்னு அம்பது பட்டையும் புதுசாப் போட்டு, அது மேல தகட்டை ஏத்தி..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"தண்ணியை இறக்குங்க" என்றார் அண்ணி.

ஈரச்சட்டை நெம்பியைத் திருப்பினார். தண்ணீர் குறட்டையோடு இறங்கியது. இளஞ்சிவப்புச் சேற்றுக்கு மேல் புதுப் பட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாக நகக்குறி போன்ற வெட்டுகள்.

"இந்த மெஷினைத் தெரிஞ்ச எவனாவது புதுப் பட்டை மேல திருட்டு வேலை செய்வானா தம்பி? வாக்குமூலம் எழுதிக் குடுத்துட்டுத் திருடற மாதிரி."

*

துப்பறியும் தொழிலில் இரண்டு பகுதி உண்டு. மூளை வேலை, ஈர வேலை. பொதி கட்டும் காகிதச் சுருளைப் பட்டைகளின் மேல் விரித்து, அதன் மேல் ஒரு பலகையில் குப்புறப் படுத்து, ஒவ்வொரு வெட்டையும் விரலால் தடவி மார்க்கரால் புள்ளி வைத்தேன். எல்லாம் முடிய நாற்பது நிமிடம் ஆயிற்று. என் சட்டையும் ஈரமானது. தொழிலாளர் ஒற்றுமை என்பது இதுதான் போலும்.

காகிதத்தைத் தரையில் விரித்துப் புள்ளிகளை இணைத்தேன்.

"தீவு" என்றேன்.

"தலைகீழாப் பார்க்கறே. சுத்தி வந்து பாரு."

"உருளைக்கிழங்கு."

"இன்னும் சுத்து."

சுற்றினேன். உருளைக்கிழங்குக்கு நெற்றி வந்தது. நெற்றிக்குக் கீழே மூக்கு, கொக்கிபோல் நீண்ட மூக்கு. உதடு, முகவாய், கழுத்து. மேலே அலை அலையாக அடர்ந்த தலைமுடி. இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இங்க ஒரு புள்ளி தனியா இருக்கே" என்றார் அண்ணி. மூக்குத் துவாரத்துக்குப் பக்கத்தில், முகத்துக்கு உள்ளே, எல்லாவற்றையும்விட ஆழமான வெட்டு.

ஈரச்சட்டை குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கடவுளே. துளை போட்ட இடம் மேடம். முதல்ல ஒரே இடத்துல நின்னு துளைச்சுட்டு, அப்புறம்தான் கோட்டுக்கு நகரணும். அந்தத் துளையை வேண்டாத பக்கத்துல போடணும். இவன் மூஞ்சிக்குள்ளயே போட்டு, அங்கேர்ந்து மூக்கைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்திருக்கான்."

அப்போதுதான் கதவு திறந்தது. ஆமாம் சார். "மேடம், மணி மூணு பத்து, ரிப்போர்ட்..." என்று ஆரம்பித்தவர் தரையைப் பார்த்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. கைகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன.

"ஆமாம் சார்" என்றார், காகிதத்திடம்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் மூக்கைப் பார்த்தேன். அந்த வளைவை எங்கேயோ பார்த்திருக்கிறேன். பார்த்ததுகூட இல்லை, அதில் ஏதோ ஒன்றை மாட்டி...

"அண்ணி! என் குடை!"

*

"வெளிய துணி போட்டு வெச்சிருக்கறது என்ன?" என்று அண்ணி ஆமாம் சாரைக் கேட்டார்.

"எம்.டி.க்குத் தொழிலாளர்கள் தர்ற அன்புப் பரிசு மேடம். கல் சிலைன்னு சொன்னாங்க. எம்.டி.க்கே தெரியாம ரகசியமா ஏற்பாடு." சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். "பதினாலு பக்கம் பாராட்டுரை நான்தான் எழுதினேன்."

"எங்க பரிசா?" என்றார் ஈரச்சட்டை. "எங்களை யாரும் கேக்கவே இல்லையே."

"எம்.டி.க்குத் தெரியாத ரகசியம்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று அண்ணி ஆமாம் சாரைக் கேட்டார்.

"எம்.டி.தான்" என்றார் ஆமாம் சார். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல் விழித்தார்.

நான் அண்ணியின் காதருகே குனிந்தேன். "அண்ணி, இவரேதான். முதலாளியைக் குளிரவைக்க இவரே வெட்டிட்டு நடிக்கறாரு. தலைமுடியைப் பாருங்க. எம்.டி.க்கு அந்த முடி போய் இருபது வருஷம் இருக்கும். இப்படிக் கூசாமப் புகழ இவரை விட்டா ஆள் ஏது?"

அண்ணி ஆமாம் சாரிடம் திரும்பினார். "கனமான வெண்கலத்தை வழவழன்னு வெட்டணும்னா எந்த நம்பர் போடுவீங்க?"

"அஞ்சு. தரை கூட்டறவங்களுக்குக்கூடத் தெரியுமே மேடம்."

"அந்த முடி இன்னும் இருக்குன்னு நம்பறவங்க இங்க எத்தனை பேர்?"

ஆமாம் சார் யோசித்தார். "ஒருத்தர்" என்றார் மெதுவாக.

*

நாலு மணிக்குத் தூறல் நின்றது. நாற்காலிகளை ஈரத்தோடேயே போட்டுத் தொழிலாளர்களை உட்கார வைத்திருந்தார்கள். ஓரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். அவர்களுக்கு நடுவே ஈரச்சட்டை, கையில் திறக்காத கேரியர். காவலாளி அறையின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி.

கப்பல் கம்பெனியின் தலைமை இன்ஜினியர் ஒல்லியான மனிதர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பூங்கொத்தை வாங்கி அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டு, "எங்க தகடு என்ன ஆச்சு?" என்றார்.

"சார், முதல்ல ஒரு சின்ன மகிழ்ச்சி" என்றார் எம்.டி. "தொழிலாளர்கள் எனக்குத் தெரியாம ஏதோ வெச்சிருக்காங்களாம். நான் என்ன செய்ய முடியும்? அன்புக்குக் குறுக்க நிக்க முடியுமா?"

கயிற்றை இழுத்தார். மஞ்சள் துணி வழுக்கிக்கொண்டு இறங்கி, பாதியில் நின்றது. மறுபடி இழுத்தார், வரவில்லை.

"ஒரு நிமிஷம் சார், என்னோடது" என்று போய்க் குடையைக் கழற்றினேன். துணி விழுந்தது.

தங்க நிறப் பெயின்ட் அடித்த எம்.டி., இடுப்பு உயரப் பீடத்தில், இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வாழ்த்துப் பலகை ஒன்றை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். மூக்கில் இருந்த கிழிசலைப் பட்டி பூசி அடைத்திருந்ததில், சிலைக்கு ஜலதோஷம் பிடித்தாற்போல் இருந்தது. யாரோ கைதட்டினார்கள், பக்கத்தில் யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்கள்.

இன்ஜினியர் எழுந்து போய்ச் சிலையின் விளிம்பை விரலால் தடவினார். பலகையை நகர்த்திப் பின்புறம் பார்த்தார். கண்ணாடியை மாட்டி மறுபடி பார்த்தார்.

"சார்" என்றார் அண்ணி, "நீங்க கேட்ட தகடு அதுதான். வெட்டினது போக மிச்ச ஓரமெல்லாம் பீடத்துக்கு அடியில சிமென்ட்ல கிடக்கும்னு நினைக்கறேன். தேவையைவிடப் பெரிய பீடமா இருக்கு."

எம்.டி.யின் முகம் ஒரு நொடி காலியானது. மறு நொடியே நிரம்பியது. அவர் எம்.டி. ஆனது சும்மா இல்லை.

"பார்த்தீங்களா! என்ன பண்ணியிருக்கான்? என் மேல இருந்த அன்புல திருடியிருக்கான்! யாரோட எண்ணுல மெஷின் ஓடுச்சு? இவனோட எண்ணுல. என்னால மனசார இவனைக் கோவிச்சுக்க முடியல. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே?" போலீஸ்காரர்களைப் பார்த்துச் சோகமாகத் தலையசைத்தார். "கூட்டிட்டுப் போங்க."

போலீஸ்காரர் ஈரச்சட்டையின் தோளில் கை வைத்தார். ஜன்னலில் டிங் என்று வளையல் கம்பியில் பட்ட சத்தம் கேட்டது.

ஈரச்சட்டை அசையவில்லை. சிலையின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சீப்பால் சேற்றை இழுத்ததுபோல் வளைந்து வளைந்து ஓடிய கோடுகள், அடிப்பக்கம் கடித்துத் துப்பிய மூக்கு நுனி.

"சார்" என்றார். "என்னைத் திருடன்னு சொல்லுங்க. ஜெயில்ல போடுங்க. ஆனா இதை நான் வெட்டினேன்னு மட்டும் சொல்லாதீங்க. பதினாறு வருஷமா இந்த மெஷின்ல நிக்கறேன். இந்தக் குப்பையை நான் வெட்டினேன்னு இத்தனை பேர் முன்னாடி சொல்லாதீங்க சார்."

"குப்பையா?" எம்.டி.க்கு ரத்தம் தலைக்கேறியது. திருட்டுப் பட்டத்தைத் தாங்கியிருப்பார், இதைத் தாங்க முடியவில்லை. "எதுடா குப்பை? கண்ணு தெரியுதா உனக்கு? இருக்கற அஞ்சுலயும் உசத்தி எது? நம்பர் ஒண்ணு! ஒண்ணாம் நம்பர்ல வெட்டினது இது!"

நாற்காலிக் காலிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்கூடக் கேட்டது.

"ஒண்ணாம் நம்பர்ல வெட்டினதுன்னு உங்களுக்கு யார் சொன்னது சார்?" என்றார் அண்ணி. "'தொடாதே'ன்னு நீங்களே ஒட்டி வெச்ச திரையில இருக்கு அந்த நம்பர். இன்னிக்கு நாங்க பிரிச்சுப் பார்த்தோம். அதுக்கு முன்னாடி அது ஒருத்தருக்குத்தான் தெரியும். அதை அமுக்கினவருக்கு."

எம்.டி. பக்கவாட்டில் திரும்பினார். பழக்கம்தான். "இதென்ன அநியாயம்? ஒண்ணுதானே உசத்தி? ஒண்ணைவிட உசத்தி ஏது? நீ சொல்லுய்யா!"

ஆமாம் சார் வாயைத் திறந்தார், மூடினார். பாராட்டுரைக் கட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இல்ல சார்" என்றார்.

தொழிலாளர்கள் அத்தனை பேரும் நாற்காலியில் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

"அஞ்சுதான் சார் உசத்தி" என்றார் இன்னும் கொஞ்சம் சத்தமாக. முதல் தடவை என்பதால் வியர்த்திருந்தது. "ஒண்ணு, சும்மா உடைக்கறதுக்கு."

"எண்பது மில்லி வெண்கலத்தை" என்றார் தலைமை இன்ஜினியர், ஒவ்வொரு சொல்லாக, "எங்க வெண்கலத்தை, ஒண்ணுல வெட்டினீங்களா?" திருட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைப் பொறுத்துக்கொள்ள முடியும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கதை அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தது. வெட்டியதைத் தூக்கி நிறுத்த எம்.டி. வாடகைக் கிரேனும் வெளியாட்களும் வரவழைத்திருந்தாராம். மாற்றுத் தகடு ஒன்றுக்குச் சொல்லி வைத்திருந்தாராம். சிலை திறந்த பிறகு அது வந்து சேரும், யாருக்கும் தெரியாது என்று கணக்கு. இன்ஜினியர் திங்கட்கிழமையே தகட்டைப் பார்க்க ஆள் அனுப்புவார் என்று எதிர்பார்க்கவில்லை. தகடு இல்லாவிட்டால் திருடன் வேண்டுமே. திருடனுக்கு ஏற்கனவே ஒரு ரகசிய எண் திரையில் எழுதியிருந்தது.

போலீஸ்காரர் ஈரச்சட்டையின் தோளிலிருந்து கையை எடுத்து, அடுத்து அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இன்ஜினியரைப் பார்த்தார்.

இன்ஜினியர் ஈரச்சட்டையைப் பார்த்தார். "இதுலேர்ந்து என் மூணு வளையமும் வருமா?"

ஈரச்சட்டை கேரியரை என்னிடம் கொடுத்தார். பையிலிருந்து டேப்பை இழுத்து எம்.டி.யின் நெற்றியிலிருந்து பிடரிவரை அளந்தார். கன்னத்தை அளந்தார். கழுத்தை அளந்தார்.

"மண்டையில ஒண்ணு வரும். கன்னத்துல ஒண்ணு. கழுத்துல ஒண்ணு. ஓரத்துல கரடுமுரடா இருக்கறதெல்லாம் வெளிய போயிடும். மூக்குதான் சார் வீண்."

"எந்த நம்பர்ல?"

"அஞ்சுல."

"அப்போ வெள்ளிக்கிழமைக்குள்ள வெட்டிக் குடுங்க. நீங்கதான் வெட்டணும், வேற கை படக்கூடாது. வளையம் சரியா வந்தா நான் புகார் எழுதமாட்டேன். வரலைன்னா, யார் மேல எழுதுவேன்னு அவருக்குத் தெரியும்." பூங்கொத்தை எடுத்துக் காவலாளி அறையின் ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினார். "இது உங்களுக்கும்மா. நாற்காலியில ஈரமாயிடுச்சு, மன்னிச்சுக்கங்க."

"முகத்தைக் கொஞ்சமாவது விட்டு வைக்க முடியாதா?" என்று எம்.டி. கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக, பதில் தெரியாமல் கேட்ட கேள்வி.

*

புதன், வியாழன் இரண்டு நாளும் மெஷின் ஓடியது. வியாழன் மதியம் நாங்கள் போனபோது மூன்றாவது வளையம் முடியும் தறுவாயில் இருந்தது. தண்ணீருக்கு அடியில் ஒரே சீறல், திரையில் 5. ஈரச்சட்டையின் மனைவி மணல் மூட்டையின் மேல் உட்கார்ந்து அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். திரையின் விளிம்பில் இருந்த ரகசிய எண்ணை யாரோ அழித்திருந்தார்கள். ஆமாம் சார்தான். இப்போது அவரை எல்லோரும் இல்ல சார் என்று கூப்பிடுவதாகவும், அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் வந்திருப்பதாகவும் சொன்னார்கள்.

"ரிப்போர்ட்ல எழுதறதுக்கு ஒரு பேர் கேட்டாரே, எழுதிட்டீங்களா அண்ணி?"

"ஒண்ணுன்னு போட்டேன். அவருக்குப் பிடிச்ச நம்பராச்சே. பக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்."

சீறல் நின்றது. வளையம் கழன்றது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த கடைசித் துண்டு சாய்ந்து, பட்டைகளுக்கு நடுவே வழுக்கி, தொட்டிக்குள் 'தொபக்' என்று விழுந்தது.

"என்ன அது?" என்றேன்.

"மூக்கு" என்றார் ஈரச்சட்டை. "கழிவுதான். இன்ஜினியர் யாருக்கு வேணும்னாலும் குடுத்துடச் சொல்லிட்டாரு. வேணுமா சார்?"

பத்துக் கிலோ இருந்தது. எங்கள் ஆபீஸ் வாசலில், கதவுக்குப் பக்கத்துச் சுவரில், நெஞ்சு உயரத்தில், நான்கு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறோம். தங்க நிறம் கொஞ்சம் உரிந்துவிட்டது, கொக்கி வளைவு மட்டும் அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் ஒரு குடையைக்கூடத் தொலைக்கவில்லை.